மணி கட்டிய சாவி

எங்கள் வார்டில் வலி மருந்து அலமாரிக்கு ஒரே ஒரு சாவிதான். காலை டியூட்டி முழுக்க அது என் அண்ணியின் இடுப்பில் தொங்கும். சாவியோடு ஒரு சின்ன மணியும் தொங்கும். மாட்டுக்குக் கட்டுவதுபோல ஒரு மனுஷிக்கு எந்தப் புண்ணியவான் மணி கட்டினான் என்று கேட்காதீர்கள். கட்டியது நாங்கள்தான், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நர்ஸ்கள். மணி இல்லாவிட்டால் அவரை அந்த நீள வார்டில் தேடிக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் படுக்க வைக்கும் வார்டு எங்களுடையது. அண்ணி அதற்குப் பொறுப்பு நர்ஸ். நான் அவருக்கு நாத்தனார். எங்கள் இருவரையும் ஒரே வார்டில் போட்டபோது மேட்ரன் அம்மா சிரித்துக்கொண்டே, "வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வந்துடாதீங்கம்மா" என்றார். சண்டை போட எங்களுக்கு எங்கே நேரம்? அதுவும் போக, அவரை என் அண்ணனுக்குப் பார்த்ததே நான்தான். அப்போது இரண்டு பேரும் குழந்தைகள் வார்டில் இருந்தோம். ஊசி என்றாலே ஊரைக் கூட்டும் பிள்ளைகளிடம் அவர், "ஊசி எனக்கா உனக்கா, நீயே சொல்லு" என்று பேரம் பேசுவார். பேரம் முடிவதற்குள் ஊசி போட்டு முடிந்திருக்கும். இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தால் அண்ணனின் முன்கோபம் கொஞ்சம் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு தப்பவில்லை. அண்ணன் ஆட்டுக்குட்டி ஆனான்.

அப்போதெல்லாம் அண்ணிக்குச் சிரிப்பு உதட்டோரத்திலேயே இருக்கும். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியிடம் அவர் வீட்டுக் கதையெல்லாம் கேட்பார். மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தால் எந்தப் பெண்ணுக்கும் வலி தெரியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. "நல்லா திட்டுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார். திட்டு முடியும்போது கட்டும் முடிந்திருக்கும். அந்தச் சிரிப்பை அவரிடமிருந்து பிடுங்கியது எந்த நோயும் இல்லை, எந்தச் சாவும் இல்லை. ஒரு சாவி. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முன்பு இரண்டு சாவிகள் இருந்தன. ஒரு முறை மருந்துக் கிடங்கில் திருட்டுப் போனது. எங்கள் வார்டில் இல்லை, கிடங்கில். எடுத்தவன் கிடங்கு ஆள். பிடிபட்டான், வேலையை விட்டுப் போனான். ஆனால் தண்டனை எங்களுக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் தலைவரான பெரிய டாக்டர், எல்லா வார்டிலிருந்தும் டூப்ளிகேட் சாவியை வாங்கித் தன் ஆபீசில் வைத்துக்கொண்டார். கடுமையான வலி மருந்துகள் இருக்கும் அலமாரியைப் பொறுப்பு நர்ஸ் தன் கையாலேயே திறக்க வேண்டும், சாவியை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். மருந்து கெட்டவன் கையில் போய்ச் சேரக் கூடாது என்பது சரிதான். நல்லவர்கள் கைக்கும் போய்ச் சேராதபடி செய்துவிட்டார் மனிதர்.

அதன் பிறகு அண்ணியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஒரு கோடியில் ஒருவருக்குக் கட்டுப் பிரித்திருப்பார். மறு கோடியிலிருந்து "சிஸ்டர், சாவி!" என்று சத்தம் வரும். பிரித்த புண்ணைத் துணி போட்டு மூடிவிட்டு, கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஓடிப் போய் அலமாரியைத் திறந்து, மருந்தை எடுத்துக் கொடுத்து, பூட்டி, மறுபடி கை கழுவி, புது உறை மாட்டி வந்து உட்காரும்போது இன்னொரு பக்கத்திலிருந்து "சாவி!" வரும். கழுவிக் கழுவி அவர் விரல்கள் வெடித்துப்போயிருக்கும். டீ வாங்கி வைத்தால் ஆடை படிந்து கிடக்கும், கடைசியில் நான்தான் கொட்டுவேன்.

பாத்ரூமுக்குப் போனாலும் விடமாட்டோம். கதவுக்கு வெளியே யாராவது ஒருத்தி நின்று தட்டுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுடைய நோயாளி அங்கே வலியில் துடித்துக்கொண்டிருப்பார். அண்ணி என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நோயாளிகளுக்கெல்லாம் "தண்ணி நிறைய குடிங்க" என்று சொல்லுகிற வாய் காய்ந்து கிடந்தது. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து அவரே இதே ஆஸ்பத்திரியில் படுத்தார். அப்போதும் அவருக்குப் பதிலாகச் சாவி வைத்திருந்த நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, அந்த அலமாரிப் பூட்டு கொஞ்சம் இறுகுதே, எப்படித் திருப்புவீங்க?" என்று கேட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டர்கள் மட்டும் சுகமாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சின்ன டாக்டருக்கு மூன்று வார்டு. மருந்தை எழுதிவிட்டுப் பக்கத்து வார்டுக்குப் போவார். அது போட்டாயிற்றா என்று தெரியாமல் அடுத்ததை எழுத முடியாது, திரும்பி ஓடி வருவார். "போட்டாச்சா சிஸ்டர்?" இல்லை என்போம். மறுபடி போவார், மறுபடி வருவார். ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "நான் வைத்தியம் பார்க்கத்தான் படிச்சேன் சிஸ்டர். நாள் முழுக்கச் சாவிதான் தேடுறேன்" என்றார். இன்னும் கல்யாணம்கூட ஆகாத பையன், கிழவனைப் போல எழுந்து போனார்.

வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் அண்ணி சமையலறையில் நின்றிருந்தார். அவர் மகள் கூடத்திலிருந்து, "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். இன்னொரு முறை "அம்மா!" என்றிருக்கிறாள். அண்ணியின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே சாவி இல்லை. அவ்வளவுதான், கையிலிருந்த தட்டைத் தரையில் எறிந்துவிட்டு, "எல்லாரும் என்னையே ஏண்டி கூப்பிடுறீங்க! என்னைக் கூப்பிடாதே!" என்று கத்தியிருக்கிறார். மகள் பயந்துபோய் அதற்குப் பிறகு அம்மா என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து சும்மா நிற்பாள். அண்ணன்தான் இதை எனக்குச் சொன்னான். "இந்த வேலையை விட்டுடச் சொல்லு. உன் பேச்சைத்தான் கேப்பா" என்றான்.

நான் சொன்னேன். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்கு இந்த வேலை பிடிக்கும்டி. இந்த வேலையைச் செய்யத்தான் விட மாட்டேங்கிறாங்க" என்றார். எத்தனையோ முறை மேட்ரனிடமும் பெரிய டாக்டரிடமும் போய் இரண்டாவது சாவியைக் கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்மா" என்பதுதான் பதில். கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

நர்ஸ்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போக ஆரம்பித்ததும் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. எங்களுக்கெல்லாம் மனசு சரியில்லையாம். மூச்சை இழுத்து விடத் தெரியவில்லையாம். வெளியிலிருந்து ஒரு மன அமைதிப் பயிற்சியாளரை வரவழைத்தார்கள். வகுப்பு எதிர்க் கட்டடத்து அரங்கத்தில், வேலை நேரத்திலேயே. எல்லோரும் கட்டாயம் போக வேண்டும், பொறுப்பு நர்ஸ்கள் முதலில். செல்போனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். தாகத்தில் நாக்கு வறண்டவனுக்கு நீச்சல் சொல்லித்தர வந்தார்கள்.

அன்றைக்கு அண்ணி போகமாட்டேன் என்றுதான் சொன்னார். வார்டு நிறைய ஆட்கள், முந்தின நாள் காலில் பெரிய ஆபரேஷன் ஆன லாரி டிரைவர் ஒருவர் வேறு. மேட்ரன் போனில் விடவில்லை. "நீங்களே வரலைன்னா மத்தவங்க எப்படி வருவாங்க?" அண்ணி, "அப்ப சாவியை என் நாத்தனார்கிட்ட கொடுத்துட்டு வரேன்மா" என்றார். "ரூல் தெரியாதா உங்களுக்கு? சாவி உங்க இடுப்புலதான் இருக்கணும்." பக்கத்தில் நின்ற எனக்கே போனில் கேட்டது. அண்ணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டிரைவருக்கு மருந்தோட வேகம் இறங்கிட்டு வரும். ஒரு கண்ணு வச்சுக்கோ. வேணும்னா ஓடி வந்து கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். படிக்கட்டில் மணிச் சத்தம் கீழே போனதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நேரத்திலேயே டிரைவருக்கு வலி ஏறத் தொடங்கிவிட்டது. முதலில் பல்லைக் கடித்தார். பிறகு தலையணையைக் கடித்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது செய்யுங்கம்மா" என்றார். சின்ன டாக்டர் ஏற்கனவே மருந்து எழுதி வைத்திருந்தார். அலமாரிக்குள் மருந்து இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும். சாவி மட்டும் எதிர்க் கட்டடத்தில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஓடினேன்.

அரங்கத்து வாசலில் காவல்காரர் வழியை மறித்தார். "உள்ள தியானம் நடக்குதும்மா. யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு." "ஒருத்தர் உயிர் போற வலியில கிடக்காருய்யா!" "நான் என்னம்மா பண்றது, என் வேலை போயிடும்." அவரும் பாவம்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு யாரைப் பார்த்தும் பாவமாக இல்லை. அவரைத் தள்ளிவிட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளே மைக்கில் ஒரு குரல் சாந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "வெளியே சத்தம் கேக்கும். கேக்கட்டும். அது நம்மளோடது இல்ல. அதை விட்டுடுங்க."

அண்ணி விடவில்லை. மணி கிணுகிணுக்க அவர் எழுந்து ஓடி வருவது மூடிய கதவு வழியாகவே எனக்குக் கேட்டது. கதவு திறந்ததும் என்னோடு ஓடினார், முற்றத்தைத் தாண்டி, படிகளில் ஏறி. நாங்கள் போய்ச் சேரும்போது டிரைவர் தரையில் கிடந்தார். வலி தாங்காமல் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்திருக்கிறார். தையல் பிரிந்து காலெல்லாம் ரத்தம். சின்ன டாக்டர் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி அலமாரியைத் திறந்து ஊசி போட்டார். டிரைவரை மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒரே காலில் இரண்டாவது ஆபரேஷன்.

டிரைவரின் மனைவி அண்ணியின் எதிரே வந்து நின்றார். "இடுப்புல மணியைக் கட்டிக்கிட்டு நீ எங்கம்மா போனே? இங்க ஒரு மனுஷன் கத்துறது உனக்குக் கேக்கலையா?" வார்டு முழுக்கப் பார்த்தது. நான் பேச வாயெடுத்தேன். அண்ணி என் கையை அழுத்தினார். "கேக்கட்டும், அவங்களுக்குக் கேக்க உரிமை இருக்கு" என்றார் மெல்ல. அந்த அம்மா அன்றைக்கே பெரிய டாக்டரிடம் புகார் கொடுத்துவிட்டார், அண்ணியின் பேரில்.

மறுநாள் காலை பெரிய டாக்டரின் அறையில் விசாரணை. அண்ணி, நான், சின்ன டாக்டர், மேட்ரன். பெரிய டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சாவியை எடுத்துக்கிட்டு வார்டை விட்டுப் போயிருக்கீங்க. இது கவனக்குறைவு. ஒத்துக்கிட்டா ஒரு கண்டிப்போட விட்டுடலாம். இல்லைன்னா சஸ்பெண்ட் பண்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல" என்றார். நான் மேட்ரனைப் பார்த்தேன். போனில் அவர் சொன்ன ரூலை அவர் வாயாலேயே சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

சின்ன டாக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், ஒரு சாவி பத்தாதுன்னு சிஸ்டர் கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க. நானும் சொல்லியிருக்கேன்." "நீங்க உங்க வேலையைப் பாருங்க டாக்டர்." "அதைத்தான் சார் பார்க்க முடியல" என்றார் அவர். சொல்லிவிட்டு அவருக்கே வேர்த்துவிட்டது.

வழியெல்லாம் அண்ணி என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தது வேறு. ஒத்துக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்விடப் போவதாகத்தான் சொன்னார். தெம்பில்லை என்றார். ஆனால் கவனக்குறைவு என்ற அந்த ஒரு வார்த்தை அவருக்குள் எதையோ புரட்டிவிட்டது. எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். மணி ஒரு முறை சிணுங்கி அடங்கியது.

"நான் ஒத்துக்கவும் மாட்டேன், வேலையை விடவும் மாட்டேன் சார். என்கிட்ட சாவி இருக்கிறது ஆபத்துன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே நீங்க வச்சுக்குங்க. ரூல்படி சாவி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் வந்து திறக்கணும். ஊசி நேரம் வரும்போது ஆள் அனுப்புறேன்." பெரிய டாக்டர் சிரித்தார். பெண்பிள்ளை கோபம், ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும் என்று நினைத்திருப்பார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

வார்டுக்கு வந்ததும் அண்ணி எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். "யாருக்கும் வலி ஏற விடக் கூடாது. மருந்தோட வேகம் இறங்குறதுக்கு முன்னாடியே போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. வரலைன்னா கையோட இழுத்துட்டு வாங்க." முதலில் போனது நான். மனிதர் முற்றத்தைத் தாண்டி, படியேறி, மூச்சு வாங்க வந்து திறந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் தன் அறைக்குப் போய் உட்கார்ந்திருக்க மாட்டார், அடுத்த நர்ஸ் போய் நின்றாள். பிறகு இன்னொருத்தி. வெளியாட்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி போனாள். சாப்பிட உட்கார்ந்தபோது நான் போனேன். "சாப்பிட்டுட்டு வரேன்மா" என்றார், பிசைந்த கையோடு. "நோயாளிக்கு வலி வந்துடும் சார்" என்றேன். கை கழுவிவிட்டு எழுந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். மணிச் சத்தம் எரிச்சலாக இருக்கிறதென்று அதை மட்டும் பிய்த்து எறிந்திருந்தார். "மணி இல்லாம உங்களை எங்க சார் தேடுறது?" என்று கேட்டேன்.

எங்கள் டியூட்டி முடியும் நேரத்தில் அண்ணியையும் என்னையும் அழைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. நாற்காலியை அப்படியே பின்பக்கம் திருப்பினார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு மர அலமாரி. பூட்டுகூட இல்லை. கீழ்த் தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. அதைத் திறந்து எங்கள் வார்டு டூப்ளிகேட் சாவியைத் தேடி எடுத்து, அண்ணி கொடுத்திருந்த சாவியோடு சேர்த்து நீட்டினார். "டியூட்டிக்கு ரெண்டு பேர் ஆளுக்கொண்ணு வச்சுக்குங்க. வார்டை விட்டுப் போனா அங்க இருக்கிற நர்ஸ்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. உத்தரவு அனுப்பிடறேன்." நாற்காலியை முன்பக்கம் திருப்பும்போது சொன்னார்: "இவ்வளவு சின்ன விஷயம். முன்னாடியே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். அண்ணி இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பெரிய டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. "அந்த டிரைவர் சம்சாரத்துக்கிட்ட நீங்களே பக்குவமாப் பேசி, புகாரை வாபஸ் வாங்க வச்சுடுங்க. அப்புறம் உங்க மேல ஒண்ணும் இருக்காது. இதோட பூசி மெழுகி முடிச்சுக்கலாம்."

வார்டுக்கு வந்து அடுத்த டியூட்டி நர்ஸ்களிடம் ஆளுக்கொரு சாவியைக் கொடுத்துவிட்டு, அண்ணி நேரே டிரைவரின் கட்டிலுக்குப் போனார். அவர் மருந்து மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி கட்டிலோரம் நின்றபடி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்: ஒரே சாவி, கட்டாய வகுப்பு, போனில் வந்த பதில், இன்றைக்குக் கிடைத்த இரண்டாவது சாவி. அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்து கடைசியில்தான் திரும்பினார்.

"ரெண்டாவது சாவி எங்க இருந்துச்சு?"

"பெரிய டாக்டர் நாற்காலிக்குப் பின்னால. ஒரு பிஸ்கட் டப்பாவுல."

"நேத்தும் அங்கதான் இருந்துச்சா?"

"நேத்தும் அங்கதான் இருந்துச்சு."

அந்த அம்மா கணவரின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் பேர்ல கொடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொல்லத்தான் வந்தியா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் அனுப்பினாங்க. ஆனா வாபஸ் வாங்காதீங்க" என்றார் அண்ணி. "என் பேரை எடுத்துட்டு யார் பேரைப் போடணுமோ போடுங்க."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்த ரூம் எங்க இருக்கு?"

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் அண்ணி. டியூட்டி முடிந்திருந்தது, வீட்டுக்குப் போகலாம். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். டிரைவரைப் பார்த்துக்கொள்ளும்படி புது டியூட்டிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். பெரிய டாக்டரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அண்ணி தட்டவில்லை, தள்ளித் திறந்து அந்த அம்மாவை முன்னால் விட்டார்.